தாமே செய்வார்

மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், எங்கள் வீட்டு மதிற்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா?” என்று ஒரு குரல் கேட்டால், அந்த ஒரு நிமிஷம் குறைந்தபட்சம் முக்கால் மணி நேரமாவது நீளும் என்பதையும், அதற்குள் என் காப்பி ஆறி ஆடை படிந்துவிடும் என்பதையும், சென்னைக் கொசுக்கள் என் கணுக்காலைத் தங்கள் பரம்பரைச் சொத்தாகப் பாவித்துக்கொள்ளும் என்பதையும் நன்கு அறிந்திருந்தும், நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறேன். குரலுக்கு உரியவர் என் அண்டை வீட்டுக்காரர். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 1999ஆம் வருஷத்து மாருதி ஜென் கார் ஒன்றுக்கு அதிபதி. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு என்றாலும், நான் மனத்துக்குள் அவருக்குச் சூட்டியிருக்கும் திருநாமம் ‘தாமே செய்வார்’ என்பது.

தெருவுக்கு ஒரு தாமே செய்வார் உண்டு. உங்கள் தெருவிலும் இருப்பார். வீட்டில் மிக்ஸி முனகினாலும், குழாய் சொட்டினாலும், சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கினாலும், மற்றவர்கள் முகம் சுளிக்கும் அந்தச் சந்தர்ப்பத்தில் இவருடைய முகத்தில் மட்டும், வெகு நாள் கழித்து ஊரிலிருந்து மைத்துனர் வந்து இறங்கியதைப் பார்த்ததுபோல் ஒரு மலர்ச்சி தோன்றும். படுக்கையறைப் பரணிலிருந்து பழைய பிஸ்கட் டப்பா இறங்கும். அதனுள் திருகாணிகளும், வாஷர்களும், எந்தக் காலத்து எந்த யந்திரத்தைச் சேர்ந்ததென்று ஒருவராலும் சொல்ல முடியாத ஸ்பிரிங்குகளும் கிடக்கும். இவர் எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் இரண்டு திருகாணி மிஞ்சும். அவற்றைத் தம் கவனக்குறைவுக்கு அல்ல, கம்பெனிக்காரனுடைய ஊதாரித்தனத்துக்கு அத்தாட்சியாகவே அந்த டப்பாவில் சேர்த்து வைப்பார்.

இப்படிப்பட்டவருடைய காரில், பின்கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டியிருந்த மூன்றாவது பிரேக் விளக்கில் ஒரு பகுதி அணைந்துபோயிற்று. அது கார் பிறந்தபோதே உடன்பிறந்ததல்ல. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடையொன்றில் பின்னாளில் வாங்கிப் பொருத்தியது. பதினாறு எல்.இ.டி. பொட்டுகள் ஒரே வரிசையாக இருக்கும் பட்டை விளக்கு. பிரேக்கை மிதித்தால் பன்னிரண்டு பொட்டுகள் பளிச்சென்று எரிய, இடது கோடியில் நான்கு மட்டும், முன்பல் விழுந்த குழந்தையின் சிரிப்பைப்போல், இருட்டாகவே இருந்தன. ஏன் ஒன்று போகாமல் நான்கும் சேர்ந்து போக வேண்டும் என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ட் போதும் என்பதையும், கார் ஓடும்போது மின்சாரம் பதினான்கு வோல்ட்டை நெருங்கும் என்பதையும், ஆகையால் நான்கு நான்காகத் தொடுத்து, மிச்ச வோல்ட்டை விழுங்குவதற்கு ஒரு ரெசிஸ்டரையும் போட்டு வைக்கிறார்கள் என்பதையும், கட்டட வேலையில் மண்சட்டியைக் கைமாற்றி விடும் வரிசையில் ஒரு சித்தாள் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுபோல, அந்த நால்வரில் ஒருவர் செத்தால் நால்வருக்கும் ஓட்டம் நின்றுவிடும் என்பதையும் அவர் விளக்கி முடித்தபோது, என் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது.

தெருக்கோடி வேப்பமரத்தடியில் கார் ஒயரிங் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் இருக்கிறான்; காலையில் வண்டியை விட்டால் மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவான். அந்த யோசனையைச் சொன்னதற்கு, திவ்விய க்ஷேத்திரத்தில் நின்றுகொண்டு அசைவ ஓட்டலுக்கு வழி கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“அவனா? டெஸ்ட் லேம்ப் ஊசியால ஒயரைக் குத்திக் குத்திப் பார்ப்பான் சார். குத்தின இடத்துல தண்ணி இறங்கி, ஆறு மாசத்துல உள்ள பச்சை பூத்துடும். அப்புறம் அவன் கிட்டயே போகணும். அதான் அவனுக்கு வருமானம்.”

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இளைஞனை அவர் ஒதுக்கியதற்கு மூலகாரணம் அதுவன்று. அவன் பழுதைத் தீர்த்துவிடுவான். தீர்ந்துவிட்டால் இவருக்கு அந்த மாலைப்பொழுதுகள் இல்லை. வியாதியோடு பேச்சுக் கொடுத்துக் கொடுத்து, அதன் பூர்வோத்தரங்களையெல்லாம் விசாரித்து, அது தானாகவே மனமிரங்கிப் போகும்படி செய்வதுதான் இவருடைய வைத்தியம். சட்டென்று மாத்திரை கொடுத்து அனுப்பும் டாக்டர்களிடம் இவருக்கு நம்பிக்கை கிடையாது.

ஆகவே விசாரணை, பன்னிரண்டு பொட்டுகள் எரிகிற விளக்கிலிருந்து தொடங்காமல், காரின் எதிர்முனையிலிருந்து தொடங்கிற்று. முதல் வாரம் பியூஸ். இரண்டாம் வாரம் பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்ச். அதைத் தரிசிப்பதற்காக அவர் ஓட்டுநர் இருக்கையில் தலைகீழாக நுழைந்து, தலையை மிதிகளுக்கு நடுவே வைத்து, கால் இரண்டையும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்த கோலத்தைக் கண்ட பால்காரர், ஏதோ விபரீதம் என்று எண்ணி, கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். பியூஸோ சுவிட்சோ போயிருந்தால் ஒரு பொட்டுக்கூட எரியாதே என்று, புதிதாகப் பெற்ற ஞானத்தின் பலத்தில் நான் மெல்லச் சொன்னேன். “தெரியும் சார். ஆனா எதையும் அடியிலேருந்து வரணும்,” என்று காருக்குள்ளிருந்து பதில் வந்தது. மூன்றாம் வாரம் டிக்கிக் கதவின் கீல் அருகே மடிந்து மடிந்து தேயும் ஒயர்க்கற்றை. நான்காம் வாரம் எர்த். நான் கணக்கு வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இவ்வளவிலும் என்னுடைய பங்கு என்னவென்றால், காருக்குப் பின்னால் நிற்பது. ஒரு காரிலுள்ள எல்லாவற்றையும் அதன் சொந்தக்காரர் தாமே பார்த்துக்கொள்ளலாம், தாமே கேட்டுக்கொள்ளலாம். பிரேக் விளக்கு ஒன்றுதான், அவர் காலால் மிதிக்கும்போது கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு, பின்னால் வருகிறவனுக்கு மட்டுமே தரிசனம் கொடுப்பது. ‘தன் கையே தனக்கு உதவி’ என்ற கொள்கைக்காகவே வாழ்கிற மனிதருக்கு, அண்டை வீட்டுக்காரன் கண் இல்லாமல் ஒரு நாளும் ஆகாத வேலை ஒன்று வாய்த்துவிட்டது. பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் சுவரில் விழும் சிவப்பைக் கண்ணாடியில் பார்க்கலாமே என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். “அதுல எத்தனை பொட்டு எரியுதுன்னு எண்ண முடியாது சார். நீங்க ஓரத்துல இருக்கறதெல்லாம் விடுங்க. நடுவுல இருக்கறதை மட்டும் பாருங்க.” நானும் நடுவில் இருப்பதை மட்டும் பார்த்தேன், “பன்னிரண்டு” என்றேன். ஆடி போய் ஆவணி வந்தது. ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. நான் பன்னிரண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிற்கிறவனுக்குச் சன்மானமாகப் பிரசங்கம் கிடைக்கும். 1974இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற மனோதத்துவ அறிஞர் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வாடகைக் கார்களில் மூன்றாவது விளக்கு ஒன்றைப் பொருத்திச் சோதித்துப் பார்த்ததில், பின்னால் வந்து மோதுவது வெகுவாகக் குறைந்ததையும், 1986ஆம் வருஷத்து மாடலிலிருந்து அமெரிக்காவில் புதுக் கார்களுக்கெல்லாம் அது கட்டாயமானதையும், 1962இல் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை ஒளிரச் செய்ததையும் நான் இந்த மதிற்சுவரோரத்தில்தான் கற்றேன். இழை பல்பு முழு வெளிச்சம் காட்டுவதற்குள் எல்.இ.டி. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு முந்திக்கொள்ளுமாம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவனுக்கு அந்த நேரம் ஐந்து மீட்டருக்கு மேல் மிச்சமாம். அவருடைய கார் நாற்பதைத் தாண்டி நான் பார்த்ததில்லை என்பதை அந்த நேரத்தில் சொல்வது மரியாதையாகப் படவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் அவர் ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டார். மின்சாரச் சில்லறைச் சாமான்களில் ஆசை உள்ளவர்களுக்கு அந்தத் தெரு, புடவையில் ஆசை உள்ளவர்களுக்குக் காஞ்சிபுரம் எப்படியோ அப்படி; வெறும் கையோடு திரும்புவது ஆசார விரோதம். ஓர் எல்.இ.டி. வாங்கப் போனவர் ஐம்பது வாங்கி வந்தார். கூடவே ரெசிஸ்டர் ஒரு கட்டு.

அந்த ரெசிஸ்டர்களை அவர் கூடத்து மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் நேரில் பார்த்தேன். அரிசியைவிடச் சற்றே பெரிய உருப்படி. அதன் இடுப்பில் மயிரளவு வர்ண வளையங்கள். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்றிருந்தால் முந்நூற்று முப்பது ஓம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, “ஆரஞ்சு” என்று ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மையார் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, “அது ஆரஞ்சு இல்லீங்க, அரக்கு,” என்றார்.

“ஆரஞ்சுதான்.”

“என் நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்தோமே, அந்தக் கரை. அரக்கு.”

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூற்று இருபது ஓம் என்று காட்டிற்று. அதாவது சிவப்பு, சிவப்பு, பழுப்பு. அவர் மீட்டரை இரண்டு தட்டுத் தட்டி, “பேட்டரி வீக்கா இருக்கு,” என்றார். அம்மையார் கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

விளக்கைக் கழற்றிய அன்று, வெயிலில் வெந்து வெந்து வற்றல் மாதிரி ஆகியிருந்த அதன் பிளாஸ்டிக் கிளிப் இரண்டும் கையோடு வந்துவிட்டன. அதற்கு எம்-சீல் இருக்கிறது என்றார். மல்டிமீட்டரின் முனைகளை ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுக்கொண்டே போக, முதல் பொட்டு மங்கலாகக் கண் விழித்தது, இரண்டாவது விழித்தது, மூன்றாவதும் விழித்தது, நான்காவதும் விழித்துவிட்டது. நால்வரும் சௌக்கியம். ரெசிஸ்டரும் சௌக்கியம். பூதக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, மூன்றாவது பொட்டின் கால் இறங்கும் இடத்தில், ஈயத்தைச் சுற்றி ஒரு மயிரிழை வட்டம் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் சூடேறியும் ஆறியும், ரோட்டுப் பள்ளங்களில் குலுங்கியும், ஈயம் காலை விட்டுவிட்டிருந்தது. சால்டரிங் அயர்னைக் காயவைத்து, பிளக்ஸில் தோய்த்து, அந்த இடத்தில் ஒரு தொடு தொட்டார். ஈயம் ஒரு கணம் வெள்ளிப் பொட்டாகப் பளபளத்து, வட்டத்தை மூடிக்கொண்டு உறைந்தது. நான்கு மாத விசாரணைக்கு இரண்டு விநாடியில் தீர்ப்பு. வாங்கி வந்த ஐம்பதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அவை பூஜையறைப் பிள்ளையாருக்குப் பின்னால் பிரபையாக ஏறி, அறைக்குள் யாரோ இடைவிடாமல் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதுபோன்ற ஒரு பிரமையை இன்றும் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன.

அன்று மாலை நான் பின்னால் நின்று, “பதினாறு!” என்றபோது, காரிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் சற்றே கலங்கியிருந்தது. எனக்கும், காரணமில்லாமல், தொண்டை அடைத்தது.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. பதினைந்து வருஷம் கடந்த கார்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அந்த முறை வந்தது. மோட்டார் வாகன ஆய்வாளருக்குத் தமிழ்நாட்டு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. அந்தப் பெயரைக் கேட்டதுமே, தம் விளக்கைப் பார்ப்பதற்கென்றே சர்க்கார் ஓர் உத்தியோகத்தை ஏற்படுத்தியிருப்பதாக நம்மவருக்கு ஓர் உற்சாகம் பிறந்தது. சாட்சியாக என்னையும் அழைத்துப் போனார். இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, பின்னால் நின்று, “பிரேக் புடிங்க,” என்றார். பழக்க தோஷத்தால் நான், “பதினாறு!” என்று கத்திவிட்டேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்; பிறகு வலது ஓரத்து விளக்கைப் பேனாவால் காட்டினார்.

“இது எரியலையே. எத்தனை நாளா?”

எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. நான் நடுவில் இருப்பதை மட்டுமே பார்த்து வந்தவன். ஓரத்து இழை பல்பு எந்த மாதத்தில் எந்தப் பன்னிரண்டின்போது உயிரை விட்டதோ!

வாசலில் இருந்த பெட்டிக்கடைக்காரப் பையன் திருப்புளியோடு வந்து, புது பல்பைப் போட்டு, காசை வாங்கிக்கொண்டு போனான். அவர் தாமே போடுவதாகச் சொல்லிக் கையை நீட்டுவதற்குள் அவன் மூடியை மாட்டிவிட்டிருந்தான். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு மதிற்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. வலது பக்கத்து இண்டிகேட்டர் கொஞ்சம் வேகமாக அடிக்கிறதாம்.