தொலை, தாயே, தொலை!

பெரம்பலூர் மாவட்டத்துச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், விசேஷ நாட்களை விட்டால், வாரத்தில் இரண்டே நாள்தான் நடை திறப்பாள். திங்கள், வெள்ளி. மற்ற நாளெல்லாம் பெரியசாமி மலையில் இருக்கிறாள் என்பது ஐதீகம். இதற்காக யாரும் விழிப்புணர்வுப் பேரணி விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பதாகை பிடிக்கச் சொல்லவில்லை. இருந்தும், செவ்வாய்க்கிழமை வந்து "ஐயோ, நடை சாத்தியிருக்கே" என்று கையைப் பிசையும் உள்ளூர்க்காரர் ஒருவரும் கிடையாது. இருக்கிறேன் என்று சொன்ன நாளில் அவள் இருப்பாள். விஷயம் அவ்வளவுதான்.

தொலைமருத்துவத்துக்கு மட்டும் மக்களிடம் "போதிய விழிப்புணர்வு இல்லை" என்கிறார்கள். குளிர்சாதன அறைக் கருத்தரங்குகளில், முந்திரி பிஸ்கட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே சொல்லப்படுகிற வாக்கியம் இது. சொன்னதும் எல்லோரும் வருத்தமாகத் தலையாட்டுவார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் பெயர் மக்கள்.

அப்புறம் ஒரு படிவம் தயாராகும். "தொலைமருத்துவம் பற்றி அறிவீர்களா? ஆம், இல்லை, ஓரளவு." "அது பயனுள்ளது என்பதை மிகவும் ஏற்கிறேன், ஏற்கிறேன், நடுநிலை…" காய்ச்சலில் அனலாகக் கொதிக்கும் பிள்ளையை மடியில் போட்டிருக்கிறவள் எந்தக் கட்டத்தில் நடுநிலை வகிப்பாள் என்று படிவம் எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

விழிப்புணர்வுக்குக் குறைச்சல் என்ன? கை சிவந்து தடித்தால் படம் பிடித்து மெடிக்கல் கடைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஊர் இது. துபாயில் இருக்கும் மகனுக்கு வீடியோவில் புண்ணைக் காட்டி, "பாரு சாமி, சீழ் வச்சிருக்கா?" என்று கேட்கிற ஊர். நகரத்துப் படித்தவர்களோ யூடியூப் பார்த்துத் தங்கள் கல்லீரலைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள். அவர்களிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை. தூரத்திலிருந்து வைத்தியம் கேட்க நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் யார், நாளைக்கும் இருப்பாரா என்பதுதான் அவர்கள் கேள்வி. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இது நேற்று முளைத்த சமாச்சாரமும் அல்ல. ஆந்திரத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோவின் தொலைமருத்துவம் 2000-இல், அமெரிக்க அதிபர் கிளிண்டன் இந்தியா வந்தபோது, தொடங்கியது. மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச் 25-இல், ஊரடங்கின் முதல் நாளில் வந்தன. ஏப்ரல் 13-இல் அதே அரசின் இ-சஞ்சீவனி இணையவழி வெளிநோயாளர் சேவை வந்தது. 2023 பிப்ரவரியில் அது பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். விழிப்புணர்வே இல்லாத ஜனங்கள் போட்ட கணக்கு இது! ஆலோசனைகளை எண்ணத் தெரிந்திருக்கிறது. எத்தனை பேருக்கு நோவு தீர்ந்தது என்றால், அது வேறு துறை.

இந்தப் பக்கத்தில் 'மருந்து' என்றால் முதலில் நினைவுக்கு வருவது பருத்திக்கு அடிக்கிற மருந்துதான். 2017-இல் அந்த மருந்தை அடித்தே பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் செத்தார்கள். மூக்கில் கட்டத் துணிகூட இல்லாமல் ஸ்பிரேயரைத் தோளில் சுமந்தவர்கள். அப்படி ஒருவருக்கு மூச்சடைக்கும்போது கைப்பேசி என்ன செய்யும்? அவசரம் என்றால் முதலுதவி சொல்லி நேரில் அனுப்பு என்கிறது நெறிமுறை. நியாயம்தான். நேரில் எங்கே? 2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். அரியலூருக்கு ஒன்று வந்தது. பெரம்பலூர் பட்டியலில் இல்லை. கவலை எதற்கு, சிக்னல் இருக்கிறதே!

தமிழில் 'தொலை' என்றால் தூரம். 'தொலை' என்றால் ஒழிந்து போ என்றும் பொருள். இத்தனை துல்லியமாக ஒரு திட்டத்துக்குப் பெயர் அமைவது அபூர்வம்.

தொலைமருத்துவமே பித்தலாட்டம் என்று நான் சொல்லவரவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 2004-லிருந்து கிராமப்புறங்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. டாக்டர் தூரத்தில்தான் இருக்கிறார். ஆனால் இந்த முனையில் பயிற்சி பெற்ற ஒரு பெண், கண்ணைச் சோதிக்கும் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார். இமையைத் தூக்கிப் பார்க்க ஒரு கை இருக்கிறது. ரகசியம் அந்தக் கைதான். கைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். செயலிக்கு விளம்பரம் கொடுத்தால் போதும். எது மலிவு என்று நிதித்துறைக்குத் தெரியாதா?

கை இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். ஆறு பிள்ளை பெற்றவள். பிள்ளை பெற்ற பத்தாம் நாளே களைக்கொத்து எடுத்தவள். கர்ப்பப்பை இறங்கிப் பல வருஷம் ஆகிறது. உட்கார்ந்தால் உறுத்தல், நின்றால் இழுப்பு. புருஷனிடமே சொல்லாதது. வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் பதினாறு வயதுப் பேரனுடையது. அவன்தான் அழைக்கிறான், அவன்தான் பிடித்திருக்கிறான். நோயாளி தானாக அழைத்தால் சம்மதம் தந்ததாகவே கொள்ளலாம் என்கிறது நெறிமுறை. பாட்டி சம்மதித்துவிட்டாள்.

திரையில் ஒரு முகம் உறைந்து, பிறகு அசைகிறது. "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

பாட்டி பேரனைப் பார்க்கிறாள். திரையைப் பார்க்கிறாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொள்கிறாள்.

"தலைவலிங்க."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாங்க."

டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், நல்ல ஓய்வு. ஓய்வாம்! மருந்துச்சீட்டு போனுக்கு வருகிறது. பேரன் விளையாட்டுக்குத் திரும்புகிறான். கோடிக் கணக்கில் ஒன்று கூடுகிறது. ஆலோசனை முடிந்தது, நோயாளிக்குத் திருப்தி. அடுத்த கருத்தரங்கில் இந்தப் பாட்டி ஒரு சதவீதப் புள்ளியாக வந்து நிற்பாள். முந்திரி பிஸ்கட் மறுபடி சுற்றி வரும்.

வெள்ளிக்கிழமை பாட்டி கோயிலுக்கு வருகிறாள். ஊறவைத்த அரிசியை உரலில் போட்டு இடிக்கிறாள். ஒவ்வொரு உலக்கைக்கும் உள்ளே ஒன்று இழுக்கிறது. வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து, நெய் விட்டுத் திரி போடுகிறாள். நோவு உள்ள இடத்தில் மாவிளக்கை வைத்துப் படுத்து வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். தலைவலிக்காரி என்று பதிவேட்டில் ஏறிவிட்ட அந்தக் கிழவி, வாழையிலையோடு விளக்கை எடுத்து அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, சந்நிதியைப் பார்த்துக் கண்ணை மூடுகிறாள்.