காது மந்தமான மைக் தேவை

தம்போயில் ஒருவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசினால் வெளியூர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று மலேசியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெர்மாய் மனநல மருத்துவமனை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இங்கே இருப்பதால் எங்கள் ஊர்ப்பெயரையே கேலிக்கு வைத்துக்கொண்டார்கள். (அங்கே எத்தனை பேர் குணமாகிப் போகிறார்கள் என்று கேலி செய்கிறவர்கள் கேட்பதில்லை. அது வேறு கட்டுரை.) ஆகவே என் கதைகளைக் குரலில் பதிவு செய்யப்போகிறேன் என்றதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "சத்தம் வெளிய கேக்காதுல்ல?"

நான் ஞாயிறு பதிப்புகளில் கதை எழுதிய ஆள். தமிழ் நேசன் தொடங்கியது 1924இல். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் திறந்ததும் அதே 1924இல்தான். பாலத்தில் இன்றுவரை கூட்டம் குறையவில்லை; பத்திரிகை 2019இல் நின்றுபோனது. படிக்க ஆளில்லாவிட்டால் படித்துக்காட்டிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன். வீட்டில் ஒப்புதலான தொகை இருநூற்றைம்பது வெள்ளி.

ஷோப்பியில் 'யூஎஸ்பி மைக்' என்று தட்டினால் பெருமாள் கோயில் கூட்டம் தோற்றுவிடும். பாதிக்கு மேல் கறுப்பு, மீதியில் விளக்கு எரிகிறது. குரலைப் பிடிக்கிற கருவி எதற்கு ஏழு வண்ணத்தில் மின்ன வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கடையிலிருந்து வந்தால் ஐந்நூறு வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரியிலிருந்து பத்து விழுக்காடு வரி உண்டு என்பதால், விலையைப் பார்க்கும்போதே மனத்தில் ஒரு கூட்டல் ஓடும்.

ஒரு பெட்டியில் '192 கிலோஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்து. மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ்வரை. அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஒலியை மாதிரி எடுத்தால் போதும். குறுந்தட்டுக்கு 44.1 தான். 192இல் பதிந்தால் வௌவாலுக்குக் கேட்கும் ஒலிகூட உள்ளே வந்துவிடும். என் வாசகர் எண்ணிக்கை இருக்கிற நிலையில் வௌவால்களை அலட்சியப்படுத்தலாமா என்று சிறிது நேரம் யோசிக்கத்தான் செய்தேன்.

ப்ளூ எட்டி என்ற புகழ்பெற்ற மைக் நான்கு விதமாகக் கேட்கும்: முன்பக்கம் மட்டும், முன்னும் பின்னும், சுற்றிலும், ஸ்டீரியோவாக. விலை என் எல்லைக்கு வெளியே. போகட்டும், தம்போயில் சுற்றிலும் கேட்கிற மைக்கை வைத்து நான் என்ன செய்ய?

அக்காள் மகன் தன்னிடமிருந்த கண்டென்சர் மைக்கைப் பரீட்சைக்குக் கொண்டுவந்தான். "இத விட க்ளியரா கிடைக்காது மாமா." பொய்யில்லை. மின்னூட்டம் ஏற்றிய தகட்டுக்கு முன்னால் மெல்லிய சவ்வு. காற்று லேசாக அசைந்தாலே அதுவும் அசையும். என் குரல் வானொலி அறிவிப்பாளர் குரலாக வந்தது. கூடவே மேலே சுழலும் காற்றாடி, குளிர்பெட்டியின் முனகல், பக்கத்து வீட்டுக் கராவோக்கே, தூறலில் போர்ட்டிகோ தகரக்கூரை. விடியற்காலையில் முயன்றால் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார்கள். மறுநாள் கதையின் உச்சக்கட்டம். கதாநாயகன் தாயின் கடிதத்தைப் பிரிக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியோடு நுழைந்தது: "சூராட் காபார் லாமா..." என் கதைகள் வந்த தாள்களைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"இதுக்கு ரூம்ப ட்ரீட் பண்ணணும் மாமா," என்றான். சுவருக்குப் பஞ்சு ஒட்டும் செலவைச் சொன்னான். மைக் மலிவு, அதற்கேற்ற வீடுதான் விலை.

அதனால் கடையில் போய்த் தேடியது டைனமிக் வகை. சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்கு நடுவே அசைந்தால்தான் ஒலி மின்சாரமாகும். சுருளையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் காது மந்தம். நான்கு விரல் தூரத்தில் வாயை வைத்துப் பேசினால் கேட்கும், எட்டத்தில் கத்துகிறவனை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஆறு டெசிபல் இறங்கும் என்ற இயற்பியலும் என் பக்கம். சாம்சன் கியூ2யூ இந்த வகைதான். அதற்கும் என் தொகை போதவில்லை. அதே வகையில் விலை குறைந்த ஒன்று ஒப்புதலான தொகைக்குள் கிடைத்தது. மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கும்படி வைத்தேன், பின்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஒட்டிப் பேசினால் கட்டைக்குரல் தானாகக் கூடுகிறது. இதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

பஞ்சுக்குப் பதில் சேலை அலமாரி. கதவைத் திறந்து, மடித்த சேலைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினால் எதிரொலி அடங்கிவிடுகிறது. காஞ்சிபுரம் பக்கம் எச்சில் தெறிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி. மைக்குக்குப் பஞ்சுத்தொப்பி வாங்கியது 'ப' வெடிக்காமலிருக்க அல்ல, அந்தச் சேலைகளுக்காக.

முதல் கதை, பதினெட்டு நிமிடம், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. கூலாய் மச்சான் உடனே கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லாருக்கு மாப்ள. ரெண்டு மடங்கு ஸ்பீட்ல கேட்டேன், ஒரு வார்த்தகூட விட்டுப்போகல!"