பேசியவர்கள்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எந்தத் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தாலும் அந்த லீடரைப் பார்த்துவிடலாம். நாலாம் வகுப்பு, மூன்றரை அடி உயரம், காது வரை எண்ணெய். மிஸ் ஆபீஸ் ரூமுக்குப் போக வேண்டியதுதான், போர்டின் ஓரத்தில் கோடு கிழித்து, 'பேசியவர்கள்' என்று தலைப்பெழுதி, 1 முதல் 10 வரை எண்ணும் போட்டுவிடுவான். அதுவரை யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் போட்ட எண்ணை வீணாக்க அவனுக்கு மனசு வராது.

மஞ்சள் மண்டி ஊர்ப் பிள்ளை. ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரிப்பதுபோல இவனும் பிரிப்பான்: பேசியது, சிரித்தது, வாயை மட்டும் அசைத்தது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் 'இன்டு 2'. கெஞ்சினால் 'இன்டு 3'. கொய்யாக்காயில் ஒரு கடி கொடுத்தால் அழிப்பான், அதுவும் லேசாகத்தான். நாளைக்கும் கொய்யா வேண்டுமே.

இந்தப் பதவிக்கு இவ்வளவு மவுசு வந்ததே 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தால்தான் என்பது என் கட்சி. பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது என்றது 17ஆம் பிரிவு. பிரம்பு பீரோவுக்குப் பின்னால் போனது. சாக்பீஸ் இவன் கைக்கு வந்தது.

கணக்குப் பாடத்தில் இவன் ராஜ்ஜியம் ஒழுங்காகவே நடக்கும். இங்கிலீஷ் பீரியடில்தான் வம்பு. 2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது; மறு வருஷம் நாலுக்கும் ஐந்துக்கும் நீண்டது. பாட்டு, பொம்மை, ஜோடி ஜோடியாய்ப் பேச்சு. வாயைத் திறந்தால்தான் இங்கிலீஷ் வரும் என்கிறது அரசு. வாயைத் திறந்தால் பேர் வரும் என்கிறான் லீடர். 'வாட் இஸ் யுவர் நேம்?' என்று கேட்டவளும் மாட்டினாள், பதில் சொன்னவனும் மாட்டினான்.

"மிஸ், நீங்கதானுங்க பேசச் சொன்னீங்க!"

"நான்தான் கண்ணு சொன்னேன்."

"அதுக்குன்னு இவ்ளோ சத்தமாவாங்க மிஸ்?" என்றான் லீடர்.

மொத்த வகுப்பும் தடுமாறாமல் சொல்லும் இங்கிலீஷ் ஒன்று உண்டு: 'மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்.' அதைச் சொல்லிவிட்டு நெளிந்தவன் பெயரும் போர்டில் ஏறியது. அன்றைக்குத்தான் மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. லீடரை இறக்கிவிட்டு, வகுப்பிலேயே பெரிய வாயாடியிடம் சாக்பீஸைக் கொடுத்தார். வாத்தியார்களின் பழைய உத்திதான். எழுதுகிற நேரமாவது அந்த வாய் சும்மா இருக்குமே!

புதியவன் கோடு கிழித்தான், எண் போட்டான். முதல் பேரே பழைய லீடருடையது.

"நான் வாயே தொறக்கலீங்க மிஸ்!"

இன்டு 2.

"இது அநியாயமுங்க!"

இன்டு 3.

சாப்பாட்டு மணி அடித்ததும் பழையவன் கொய்யாக்காயோடு தனியாகப் போய்ப் பேசிப் பார்த்தான். கொய்யாவெல்லாம் போன லீடரோடு சரியாம்; தேன்மிட்டாய், அதுவும் ரெண்டு என்றானாம் புதியவன்.