தேர்வுக் குழுவுக்கு ஒரு பொன்னாடை

எங்கள் தோணிரேவு வாசகர் வட்டத்தில் நூல் தேர்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று பேர், மூவரும் ஆண்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. காதல் நாவல் தேர்ந்தெடுப்பதென்றால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலை. அதில் போய்ப் பெண்களைச் சிரமப்படுத்துவானேன்? அவர்களுக்கு விடியுமுன் ஏரி, விடிந்தால் சந்தை, மதியம் அடுப்பு, பொழுது சாய்ந்தால் தண்ணீர்க் குடம். வட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான் என்றாலும், காதலைப் பற்றி அவர்கள் பாட்டுக்கு ஏதாவது சொல்லிவைத்து அது உண்மையாகவும் இருந்துவிட்டால் யார் பொறுப்பு?

இந்த ஆண்டு முழுக்கச் சரித்திரக் காதல் நாவல் என்று குழு முடிவெடுத்தது. தொலைநோக்கு என்றால் இதுதான். மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டபடியால், ‘பொன்னியின் செல்வ’னைப் படித்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி குழுவுக்கு நீங்கிவிட்டது. படிக்காத புத்தகத்தைச் சிபாரிசு செய்வதில் ஒரு நடுநிலைமை இருக்கிறது பாருங்கள், அது படித்தவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. தோணிரேவு என்றால் தோணி வந்து அணைகிற துறை. ரேவு தெலுங்குச் சொல். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கிறது. தண்ணீர் இந்தப் பக்கம் வரும்போது வார்த்தையும் கூடவே வந்துவிட்டது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரிய ஏரிதான், ஆழம்தான் இல்லை. பல இடங்களில் கழி ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். இடுப்பளவுத் தண்ணீர். அந்த இடுப்பளவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சாண்டில்யன் வருவார்.

தேர்வுக் கூட்டத்தன்று கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி மூன்று புத்தகங்களின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். குழு அதைப் பெருந்தன்மையோடு வாங்கிப் பார்த்தது. முதலாவது வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977-ல் வந்த சின்ன நாவல். வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் சண்டை மூளுகிற ஒரு தென்கடற்கரை ஊரில், பிலோமி என்கிற பெண்ணின் கைகூடாத காதல். “ராஜா இருக்கானா?” என்று கேட்டார் தலைவர் அண்ணன். இல்லை. “அப்போ சரித்திரம் ஆகாது.” ஒரே கேள்வியில் ஓர் இலக்கிய வகைமையையே வரையறுத்துவிட்டார்! பல்கலைக்கழகங்கள் கருத்தரங்கம் போட்டுத் திணறுகிற விஷயம் இது.

இரண்டாவது ஜோ டி குரூஸின் ‘கொற்கை’. 2013-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைமுறை தலைமுறையாகப் பரதவர் வாழ்க்கை. இரண்டாமவர் அதன் பருமனைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “மீன் கவுச்சி வீட்லயே இருக்கு, இதுல வேற படிக்கணுமா?” என்றார். எவ்வளவு நியாயம்! சோழ இளவரசர்கள் யாராவது அரண்மனைக் கதை கேட்டுப் பொழுதுபோக்கினார்களா? பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ மூன்றாவது. ஆனந்தரங்கம் பிள்ளை காலத்துப் புதுச்சேரி. அதை மூன்றாமவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அட்டையில் குதிரை இல்லாததைத் தூரத்திலிருந்தே கவனித்துவிட்டார்.

பெருமூச்சு விட்டபடி அந்தப் பெண் சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு குழு தன் பட்டியலை வாசித்தது.

முதல் மாதம் ‘பார்த்திபன் கனவு’. 1941-ல் ‘கல்கி’ இதழ் தொடங்கிய கையோடு தொடராக வந்தது. இதில் குழுவின் நுண்ணுணர்வை மெச்சாமல் இருக்க முடியாது. ஏனென்றால் கதையில் ஒரு படகோட்டி உண்டு. பொன்னன். அவன் மனைவி வள்ளி. காவிரிக் கரையில் இவர்கள் குடிசை. நம்ம ஆள் வந்துவிட்டான் என்று வட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பொன்னனுக்கு என்ன வேலை? இளவரசன் விக்கிரமனுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பது. வள்ளிக்கு என்ன வேலை? அதற்குப் பொன்னனைத் தயாராக வைத்திருப்பது. விக்கிரமனும் பல்லவ இளவரசி குந்தவியும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டால் அது பல அத்தியாயங்களுக்குத் தாங்கும். பொன்னனும் வள்ளியும் வருஷக்கணக்காக ஒரே கூரையின் கீழ் இருந்தும் பேசுவதெல்லாம் அரண்மனைச் சங்கதியாகவே இருக்கிறது. இந்த அடக்கத்தைத்தான் பாராட்ட வேண்டும். கட்டின பெண்டாட்டியிடம் ராஜாங்க விஷயம் மட்டும் பேசுகிற படகோட்டியை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களுக்கு இங்கிதம் போதாது.

இரண்டாம் மாதம் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்ததை எங்கள் வட்டம் ஒரே மாதத்தில் முடிக்க வேண்டும் என்று குழு கெடு வைத்தது. ஐந்து பாகம். இறால் சீசன். கல்கி நாலு வருஷம் எடுத்துக்கொண்டது அவருடைய மெத்தனம். நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் மலிவுப் பதிப்பு கிடைத்தது. எழுத்து சற்றே பொடி. ஆகவே பழைய வழக்கப்படி ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது என்று ஏற்பாடு. படித்தவன் நான். கேட்டவர்கள் தெருவிளக்கின் அடியில் கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டே கேட்டார்கள்.

இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே கோடிக்கரைப் பூங்குழலி வந்துவிடுகிறாள். படகுக்காரி. நடுக்கடலில் பாட்டுப் பாடுகிறாள், புயலுக்குப் பயப்பட மாட்டாள், வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு ஈழம் வரை துடுப்பு வலிக்கிறாள். வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி கையை நிறுத்தினாள்.

“ராவும் பகலும் படகு வலிக்குதே அந்தப் பொண்ணு, மீனை எங்க போடுது? ஏவாரி யாரு?”

“ஆயா, இது காதல் கதை. இதுல மீன் கிடையாது” என்றார் தலைவர் அண்ணன்.

“மீன் இல்லாம எதுக்குடா கடலுக்குப் போவுது?”

சபை சிரித்தது. ஆயாவின் அறியாமையைக் குழு மன்னித்தது. பூங்குழலியின் அப்பா தியாகவிடங்கர் கலங்கரை விளக்கத்தைக் காக்கிறவர், மீன் பிடித்துத்தான் பிழைக்க வேண்டும் என்பதில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். ஆயாவுக்குத் திருப்தியில்லை. உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிறவளுக்குக் கையில் வெடிப்பு இல்லையா, தலைமுடி செம்பட்டை ஆகவில்லையா என்றெல்லாம் கேட்டாள். கல்கியின் கருணையை ஆயா புரிந்துகொள்ளவில்லை. ஒரு படகுக்காரியைக் கதைக்குள் விடுவதே பெரிது. அவள் கையில் வெடிப்பையும் கொடுத்து அனுப்பச் சொன்னால் எப்படி?

அந்தக் கருணை அத்தோடு நிற்கவுமில்லை. பூங்குழலிக்குக் கல்யாணமும் செய்துவைக்கிறார். மாப்பிள்ளை சேந்தன் அமுதன், கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிறவன், சாது. ஆகா, உழைக்கிறவளுக்கு உழைக்கிறவன் என்று நாங்கள் சந்தோஷப்படுவதற்குள் அவனும் ராஜாவாகிவிடுகிறான். பூக்காரன்தான் உண்மையான மதுராந்தக சோழன், உத்தம சோழன்! படகுக்காரி பட்டத்தரசி. எங்கள் பெண்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் யார் தருவார்கள்? கட்டிக்கொள்கிறவன் கடைசி பாகத்தில் அரசனாக மாறுகிறானா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். எந்த நலத்திட்டத்திலும் இன்னும் இதைச் சேர்க்கவில்லை என்பதுதான் குறை.

மூன்றாம் மாதம் சாண்டில்யன். ‘யவன ராணி’யா, ‘கடல் புறா’வா என்று குழுவுக்குள் கடுமையான விவாதம். இரண்டிலும் இடை வர்ணனை எத்தனை பக்கம் என்பதை வைத்து முடிவு செய்தார்கள். வெளிப்படையான, அளவிடக்கூடிய அளவுகோல். ‘குமுத’த்தில் லதாவின் ஓவியத்தோடு தொடர் வந்த காலத்தில் கிழித்துச் சேர்த்துத் தைத்த கட்டு ஒன்று எங்கள் ஊரிலேயே ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தது. செல் அரித்திருந்தது. படங்களை மட்டும் அரிக்காத செல்.

இடை என்பது இருக்கிறதா இல்லையா என்று சாண்டில்யனுடைய வீரர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். வாளைக் கீழே வைத்துவிட்டு அதை ஆராய்வார்கள். எதிரி மரியாதையாகக் காத்திருப்பான். எங்கள் பக்கத்தில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பறியில் போடுகிற பெண்களுக்கு இடை எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரியும். ராத்திரி பாயில் படுத்தால் அது தானே சொல்லும். வெதுவெதுப்பாக உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். இந்த ஒத்தடத்தை ஒரு வரியில் எழுதியிருக்கலாமே என்று கல்லூரிப் பெண் கேட்டாள். எழுதியிருந்தால் ‘கடல் புறா’ நாயகன் இளையபல்லவனுக்குக் கடாரம் போகிற உற்சாகம் எங்கிருந்து வந்திருக்கும்?

போகட்டும், ‘கடல் புறா’தான் வென்றது. மூன்று பாகம். இளையபல்லவன் என்கிற கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப் பாலூர்த் துறையிலிருந்து கிழக்கே போகிறான். காஞ்சனா தேவி, மஞ்சளழகி என்று இரண்டு நாயகிகள். கப்பல், கடற்போர், நிலா. படிக்கிறவனுக்கு உப்புக் காற்றே படாமல் கடலைக் கடக்க வைக்கிற வித்தை அது. நான் கேலிக்குச் சொல்லவில்லை. எனக்கே ராத்திரி இரண்டு மணி வரை கீழே வைக்க முடியவில்லை.

இந்தக் கப்பல் விஷயத்தில்தான் குழுவின் சாமர்த்தியம் உச்சத்துக்குப் போகிறது. எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், பழவேற்காட்டில், டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடம் இருக்கிறது. இப்போது முட்புதர். அவர்கள் வந்த சமயம் ஊரை விஜயநகரத்து வேங்கடபதி ராயரின் அரசி ஒருத்தி தன் பொறுப்பில் வைத்திருந்தாள். ஆக எங்களுக்கும் ராணி உண்டு. சோழமண்டலக் கரை டச்சு வணிகத்துக்கே தலைமையிடமாகப் பல காலம் இருந்த ஊர். இங்கே நெய்து சாயமேற்றிய துணி கப்பலேறிக் கிழக்கே போய், அங்கே ஜாதிக்காயாகவும் கிராம்பாகவும் மாறியது. பஞ்ச காலங்களில் துணியோடு ஆட்களும் போனார்கள். சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்டவர்களை அடிமைகளாக பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். இன்றைய ஜகார்த்தா. இளையபல்லவன் போன அதே கிழக்கு. புருஷன் ஒரு கப்பலிலும் பெண்டாட்டி கரையிலுமாகப் பிரிந்தது எத்தனையோ. சரித்திரமும் உண்டு, காதலும் உண்டு, கப்பலும் உண்டு. ஆனாலும் குழு சபலப்படவில்லை. அந்தக் கப்பலில் நிலா வெளிச்சம் சரியாக விழாது என்பதை எப்படியோ கண்டுகொண்டார்கள்.

எழுதிவைத்த நாவல் இல்லாவிட்டால் அந்த டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்காவது ஒருநாள் போய்ப் பார்க்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். தொல்லியல் துறை காக்கிற இடம். வாசலின் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கல். உள்ளே வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அவர்கள் மனைவி மக்களுக்கும் டச்சு மொழியில் பேர் வெட்டிய பலகைகள். கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்குப் பலகை கிடையாது. “எலும்புக்கூட்டுக்கும் காதலுக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்றார் தலைவர் அண்ணன். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒருவர் இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பதைக் கெடுக்கக் கூடாது.

சென்ற வாரம் ஆண்டுக் கணக்கெடுப்பு. குறிப்பேட்டில் ‘மகளிர் வருகை குறைவு, வாசிப்பில் நாட்டம் இல்லை’ என்று எழுதினார்கள். அலைக்கும் இறாலுக்கும் நேரம் பார்த்துக் கூட்டம் வைக்கவில்லை என்று எழுதுவது இலக்கியம் ஆகாது. பிறகு இரவல் போய்வந்த புத்தகங்களை எண்ணிச் சரிபார்த்தார்கள். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் மட்டும் மற்றதைவிட ஒன்றரை மடங்கு தடித்திருந்தது. ஈரக் கையோடு புரட்டிப் புரட்டி, காய்ந்து, மறுபடி ஈரமாகி உப்பியிருந்தது. பூங்குழலி வருகிற பக்கங்களில் மூலை மடிப்பு. ஓரிடத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு மினுமினுத்தது. இரவல் பதிவில் ஒரே புத்தகத்துக்கு ஏழு பெண்களின் பெயர்.

குழு அதை மிகுந்த வருத்தத்துடன் பார்த்தது. இனிமேல் கையைத் துடைத்துவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான் புத்தகம் என்று தீர்மானம் போட்டது. குழுவினர் மூவரும் பத்திரமாக வைத்திருந்த மூன்று, நான்கு, ஐந்தாம் பாகங்களில் முதுகு மடிப்புக்கூட விழவில்லை. பிரித்தால் இன்னும் அச்சகத்து வாசம்.