மிஞ்சிய வீரர்களின் மகிமை

கேள்வி: 2008 முதல் மார்வெல் கம்பெனியார் ஒரே முகமூடிக் கூட்டத்தை வைத்துக்கொண்டு முப்பதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்து, உலகத்து ஜனங்களின் சட்டைப்பையைக் காலிசெய்து வருகிறார்களே, அதன் ரகசியம் என்ன?

பதில்: தரித்திரம்தான். 1996 டிசம்பரில் திவால் மனுக் கொடுத்த அந்தக் காமிக்ஸ் கம்பெனி, அதற்கு முன்னும் பின்னுமாகத் தன் கதாபாத்திரங்களில் மிகவும் பிரக்யாதி பெற்ற எக்ஸ்-மென் கூட்டத்தின் படவுரிமையை ஃபாக்ஸ் நிறுவனத்துக்கும், ஸ்பைடர்மேனை சோனிக்கும் கைமாற்றிவிட்டு, கடைசியில் தானே படமெடுப்பதென்று 2005-இல் துணிந்து, மெரில் லிஞ்ச் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வாங்கியபோது, ஈடாக வைத்தது பத்துக் கதாபாத்திரங்களின் படவுரிமையை. அந்தப் பத்தில் எறும்பளவு சுருங்கக்கூடிய ஆன்ட்-மேனும் ஒருவர் என்றால், கடன் கொடுத்தவர்களின் தாராள மனசை என்னவென்று சொல்வது! நகையை விற்றுவிட்ட வீட்டில் பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கித்தானே விருந்து வைக்கவேண்டும்? ஸ்பைடர்மேன் என்றால் சுவரொட்டி ஒன்றே போதும்; அயர்ன் மேன் என்றால் ‘அவன் யார்?’ என்று கேட்கிற ஜனங்களுக்கு முதலில் மனிதனைக் காட்டி, அவனிடம் ஒரு பிரியத்தை உண்டாக்கி, அப்புறம்தான் கவசத்தை மாட்டிவிட முடியும். அந்த நிர்ப்பந்தமே பின்னால் அவர்களுடைய சம்பிரதாயம் ஆயிற்று.

கேள்வி: மனிதனாவது, பிரியமாவது! எல்லாம் கம்ப்யூட்டர் ஜாலம் அல்லவா?

பதில்: கம்ப்யூட்டர் ஜாலம் பணம் கொடுக்கிற எல்லாருக்கும் கிடைக்கிறது, படுதோல்வி கண்டவர்களும் அதே ஜாலத்தைத்தான் வாங்கினார்கள். ஜான் ஃபாவ்ரோ இயக்கிய அயர்ன் மேன் என்ற அந்த முதற்படத்தையே பாருங்கள். போதைப் பழக்கத்தால் சிறைவரை போய் மீண்டுவந்த ராபர்ட் டவுனி ஜூனியரைக் கதாநாயகனாகப் போடக் கம்பெனியார் தயங்கியபோது, இயக்குநர் பிடிவாதமாக நின்று அவரையே போட்டார். ஆயுத வியாபாரி டோனி ஸ்டார்க் பகைவர் பிடியிலிருந்து தப்பி ஊர் திரும்புகிறான், பத்திரிகைக்காரர்கள் கூடியிருக்கிறார்கள், மேடையேறி முழங்கப்போகிறான் என்று எல்லாரும் காத்திருக்கையில், அவன் மேடைக்கு முன்னால் தரையில் சாவதானமாக உட்கார்ந்து, மற்றவர்களையும் உட்காரச் சொல்லி, சீஸ்பர்கரைக் கடித்துக்கொண்டே, செத்துப்போன தகப்பனாரிடம் விடைபெறக்கூடக் கொடுத்துவைக்கவில்லை என்று பேச்சைத் தொடங்கி, இனி ஆயுதம் செய்வதில்லை என்பதில் கொண்டுபோய் முடிக்கிறான். அந்தக் காட்சியில் கவசமும் இல்லை, வெடியும் இல்லை; ஆனால் கவசம் வந்தபிறகு அதற்குள் இருப்பவன் யார் என்பது நமக்கு மறப்பதில்லை. வசனம் பூர்த்தியாகாமலே படப்பிடிப்பு நடந்ததென்றும், அன்றைக்குப் பேசவேண்டியதை நடிகர்கள் அன்றைக்கே உட்கார்ந்து யோசித்தார்களென்றும், அதில் வில்லனாக நடித்த ஜெஃப் பிரிட்ஜஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். சாமானியமாக இது சர்வநாசத்துக்கு வழி. இங்கே சுமார் 58 கோடி டாலர் வசூலுக்கு வழியாயிற்று.

கேள்வி: எல்லாப் படமும் ஒரே கதைதானே? எதற்காக ஜனங்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள்?

பதில்: கடைசி அரைமணி நேரம் ஒரே கதைதான், வானத்திலிருந்து ஏதாவது விழும், கட்டடங்கள் சரியும், உலகம் காப்பாற்றப்படும். இதை மறுக்க நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதற்கு முந்திய ஒன்றரை மணி நேரத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் 2007 முதல் தலைமைப் பொறுப்பில் இருக்கும் கெவின் ஃபைகியின் சாமர்த்தியம் இருக்கிறது. தேவலோகத்து அண்ணன் தம்பித் தகராறான தோர் கதையை, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஊறிய கென்னத் பிரானாவிடம் கொடுத்தார். தொலைக்காட்சி ஹாஸ்யத் தொடர்களில் பெயரெடுத்த ரூஸோ சகோதரர்களிடம் கேப்டன் அமெரிக்காவின் இரண்டாம் படத்தை ஒப்படைத்தார். அவர்களோ 1970-களின் சதிக் கதைப் படங்களின் சாயலில், தன் சொந்த சர்க்காரையே சந்தேகிக்க நேர்ந்த போர்வீரனின் கதையாக 2014-இல் அதை எடுத்து, அந்தக் காலத்துச் சதிப்படம் ஒன்றின் நாயகரான ராபர்ட் ரெட்ஃபோர்டையே வில்லனாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரையன் கூக்ளர் எடுத்த பிளாக் பாந்தர் (2018), முகமூடி வீரர் படங்களிலேயே முதன்முதலாகச் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் போட்டியில் இடம்பெற்று, வேறு மூன்று ஆஸ்கார்களோடு வீடு திரும்பியது. உள்ளே வரும் ஆசாமி தன் பழைய ருசியைக் கொண்டுவரலாம், கடைசி அரைமணியை மட்டும் தொடக்கூடாது என்பதுதான் எழுதப்படாத ஒப்பந்தமோ என்னவோ!

கேள்வி: படத்துக்குப் படம் கதையைத் தொடர்புபடுத்தும் யுக்தியை மற்றவர்களும் செய்து பார்த்தார்களே, ஏன் பலிக்கவில்லை?

பதில்: தொடர்புபடுத்துவதையே முதற்காரியமாக வைத்துக்கொண்டதால். அயர்ன் மேன் முடிந்து, பெயர்ப்பட்டியல் முழுவதும் ஓடி, பாதிக் கொட்டகை காலியானபிறகு, ஒற்றைக் கண் நிக் ஃப்யூரி இருட்டிலிருந்து வந்து வீரர் கூட்டம் ஒன்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். எழுந்துபோனவருக்கு நஷ்டமில்லை, படம் தோற்றிருந்தால் அந்தப் பேச்சை யாரும் ஞாபகம் வைத்துக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். யுனிவர்சல் கம்பெனியாரோ 2017-இல், தங்கள் பழைய பிசாசுகளையெல்லாம் ஒரே உலகத்தில் குடியமர்த்தப்போவதாக அறிவித்து, அதற்கொரு பெயரும் சூட்டி, நட்சத்திரங்களை வரிசையாக நிறுத்திய புகைப்படமும் வெளியிட்டு, அதன்பிறகு தி மம்மி படத்தைத் திரையிட்டார்கள். அது விழுந்தது, புகைப்படம் மட்டும் மிஞ்சியது.

போட்டிக் காமிக்ஸ் கம்பெனியான டி.சி.யின் கதை மீசையில் வந்து நின்றது. 2017-இல் வெளிவந்த ஜஸ்டிஸ் லீக் படத்துக்கு இயக்குநர் மாறி மறுபடப்பிடிப்பு நடந்த சமயம், சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வேறொரு கம்பெனியின் மிஷன் இம்பாசிபிள் படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அந்தக் கம்பெனி மழிக்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே மீசையைக் கம்ப்யூட்டரால் அழித்தார்கள். உலகத்தைக் காக்க உயிர்த்தெழுந்த மகாபுருஷனின் மேலுதட்டைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். மார்வெலுக்கும் இப்படியொரு சோதனை 2012-இல் வந்ததுண்டு. அவெஞ்சர்ஸ் படத்தின் முதற்காட்சி நடந்துமுடிந்த பிறகு, வீரர்கள் இடிந்த கடையில் உட்கார்ந்து ஷவர்மா தின்கிற சிறு காட்சியை எடுக்க நினைத்தபோது, கேப்டன் அமெரிக்காவான கிறிஸ் எவன்ஸ் வேறு படத்துக்காகத் தாடியோடு இருந்தார். தாடிமேல் ஒரு செயற்கைத் தாடையை ஒட்டி, கன்னத்தில் கையை வைத்துக்கொள்ளச் சொல்லி எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் தின்ன, அவர் மட்டும் களைத்துப்போய்க் கையில் முகத்தைத் தாங்கியிருப்பது, யுத்தம் முடிந்த வீரனுக்கு எத்தனை இயல்பு என்று ரசிகர்கள் மெச்சினார்கள்!

கேள்வி: இவையெல்லாம் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்கா என்று இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி சொன்னது சரியா?

பதில்: பல படங்களைப் பற்றி மிகவும் சரி. ஆனால் ராட்டினத்திலிருந்து தலைசுற்றி இறங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேனே தவிர, கண்கலங்கி இறங்குகிறவர்களைக் கண்டதில்லை. அவர் அதைச் சொன்ன அதே 2019-இல் சுமார் 279 கோடி டாலர் வசூலித்த அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் படத்தில், டோனி ஸ்டார்க்கின் முடிவைக் கண்டு விம்மியவர்கள் அநேகர்.

கேள்வி: அத்தனை சாமர்த்தியம் இருந்தும் பிறகு சறுக்கியது ஏன்?

பதில்: சம்பத்து வந்துவிட்டதே! 2009-இல் சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கிய டிஸ்னி, தன் ஸ்ட்ரீமிங் கடைக்குச் சரக்கு வேண்டுமென்று கேட்க, 2008 முதல் 2012 வரை ஐந்து வருஷத்தில் ஆறே படங்கள் எடுத்தவர்கள், 2021 என்ற ஒரே வருஷத்தில் நான்கு படங்களும் ஐந்து தொடர்களும் வெளியிட்டார்கள். 2023-இன் தி மார்வெல்ஸ் படத்தில் மூன்று நாயகிகள். ஒருத்தியை முந்தைய படம் ஒன்றிலும், மற்ற இருவரின் சக்தி வந்த கதையை இரண்டு தனித்தனித் தொடர்களிலும் பார்த்துவிட்டு வரவேண்டும். வீட்டுப்பாடம் எழுதாத மாணாக்கனைப்போல் ரசிகன் வெளியிலேயே நின்றுவிட்டான்; வசூல் சுமார் 20 கோடி டாலரோடு நின்றது, அதாவது இந்த வரிசையிலேயே மிகக் குறைவு. கவனம் சிதறிவிட்டதென்று அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகரே ஒப்புக்கொண்டார். 2024-இல் அவர்களைக் கரையேற்றி 130 கோடி டாலருக்குமேல் ஈட்டிக்கொடுத்தது எது தெரியுமா? டெட்பூல் அண்ட் வோல்வரின்: முன்னாளில் எக்ஸ்-மென் கூட்டத்தோடு ஃபாக்ஸுக்கு விற்றுவிட்டு, 2019-இல் ஃபாக்ஸையே டிஸ்னி விலைக்கு வாங்கியதால் வீடு வந்துசேர்ந்த நகை.

கேள்வி: இறந்துபோன டோனி ஸ்டார்க்காக நடித்தவரையே இப்போது டாக்டர் டூம் என்ற வில்லனாக்கி அழைத்து வருகிறார்களாமே?

பதில்: 2024 ஜூலையில் சான் டியாகோவில் அறிவித்தார்கள், அரங்கம் அதிர்ந்தது. ஜனங்கள் கவசத்துக்காகவா, அதற்குள் இருந்த ஆசாமிக்காகவா வந்தார்கள் என்பது கம்பெனிக்கு மறுபடி ஞாபகம் வந்திருக்கிறது; ஆனால் அவரை மறுபடி ஒரு கவசத்துக்குள்ளேயே போட்டு மூடுவானேன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: இதுவரை ஒரு படமும் பார்க்காத என்னைப் பேரன் பலவந்தமாக உட்காரவைக்கப் பார்க்கிறான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதல் அயர்ன் மேனும், மேலே சொன்ன கேப்டன் அமெரிக்காவின் இரண்டாம் படமும் போதும். பேரன் கால வரிசை, கதை வரிசை என்று இரண்டு பட்டியல்களை நீட்டுவான். வாங்கி மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பத்திரப்படுத்திவிடுங்கள். பெயர்ப்பட்டியல் ஓடும்போது மட்டும் அவசரப்பட்டு எழுந்துவிடாமல், காபி கொண்டுவரச் சொல்லி அவனை உள்ளே அனுப்புங்கள்.