ஆபீஸ் இல்லாத உத்தியோகம்: பாலாற்றங்கரை மடிக்கணினி நாடோடிகள் பற்றிய ஒரு முன்னாய்வு

1. ஆய்வின் முகாந்திரம்

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் பழைய வசனம் ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. சொல்கிறவரின் வாய்க்கொழுப்புக்குத் தக்கபடி பட்டியல் இன்னும் இரண்டு மூன்று நீளும். அவை ஆய்வுக்கு உகந்தவை அல்ல. மேற்சொன்ன மூன்று இன்மைகளோடு நான்காவதாக ஒன்று சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அது ஆபீஸ் இல்லாத உத்தியோகம். அதை முறைப்படி பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வாளரின் தகுதி குறித்து ஐயம் எழலாம். இவர் பாலாற்றங்கரைத் தோல் ஊரான ஆம்பூரில் பிறந்து, பெங்களூரில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்குக்குச் சற்று முன்பு இரண்டு சட்டையோடு ஊர் திரும்பியவர். அவற்றில் ஒன்று இன்றும் கேமராவுக்கென்றே ஆணியில் தொங்குகிறது. இடுப்புக்கு மேலே கம்பெனி, கீழே கைலி என்ற இருமை நிலையில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து பெற்ற ஞானமே இவரது முனைவர் பட்டம்.

2. சொல்லாராய்ச்சி

‘டிஜிட்டல் நோமேட்’ என்ற தொடரை உலகுக்கு அறிமுகம் செய்தது, த்சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997-இல் அதே பெயரில் எழுதிய நூல். கருவி கைக்கு அடக்கமாகி, தொடர்பும் எங்கும் கிடைத்துவிட்டால் மனிதன் மறுபடி நாடோடி ஆவான் என்பது அவர்கள் கணிப்பு. எஸ்தோனியா 2020-இல் இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி விசா கொண்டுவந்தது. பாலி, லிஸ்பன், கோவா என்று இவர்கள் கூடும் ஊர்களும் பெயர் பெற்றுவிட்டன.

ஆம்பூர் வழக்கில் இதற்கு நேர்ச்சொல் ‘பையன் வீட்ல இருக்கான்’ என்பது. இதைச் சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கும். கல்யாண வீட்டில் பெரியப்பா, சாம்பார் வாளி தாண்டும்வரை காத்திருந்து, “ஏம்பா, கம்பெனிய மூடிட்டாங்களா?” என்று கேட்பார். இல்லை என்று விளக்கினால், “பரவால்ல, ஷூ கம்பெனில சொல்லி வைக்கட்டுமா?” என்பார். எஸ்தோனியா விசா கொடுக்கிறது. பெரியப்பா வேலை கொடுக்கிறார். இரண்டும் ஒரே இரக்கத்தின் இரு வடிவங்கள் என்பது ஆய்வாளர் துணிபு.

3. வரலாற்றுப் பின்புலம்

தொலைவிலிருந்து பணியாற்றுவது இப்பகுதிக்குப் புதிதன்று. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1816 முதல் 1832-இல் இறக்கும்வரை வேலூர்க் கோட்டையில்தான் இருந்தார். ராஜா ஓரிடம், ராஜ்ஜியம் வேறிடம். பதவிப் பெயர் இருந்தது, குடும்பம் கூட இருந்தது, வெளியே போகத்தான் அனுமதியில்லை. பெரிய கம்பெனியின் துணைத் தலைவராக வீட்டு மாடியில் உட்கார்ந்திருப்பவர் எவரும் இந்நிலையை உடனே அடையாளம் காண்பார். அவருக்கு முன்பே, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, திப்புவின் பிள்ளைகளும் குடும்பத்தாரும் இதே கோட்டையில் வைக்கப்பட்டார்கள். 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் கல்கத்தாவுக்கு இடமாற்றம். ராஜா இல்லாத கோட்டை என்ற வசனம், ஆகவே, திருத்தத்துக்குரியது: ராஜாக்களுக்கு லாகின் மட்டும் இல்லாத கோட்டை.

சாமி இல்லாத கோயிலுக்கு வருவோம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர், பாதுகாப்புக் கருதிச் சத்துவாச்சாரியில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார். 1981-இல்தான் கருவறைக்குத் திரும்பினார். அத்தனை காலமும் கோயில் அங்கே, சாமி இங்கே. ஆயினும் அருளில் குறைவிருந்ததாக எந்தப் பக்தரும் புகார் சொன்னதில்லை. பணியிடத்துக்கு நேரில் வராமலே பணி நடக்கும் என்பதற்கு இதைவிட மேலான முன்னுதாரணம் கிடையாது. ‘எல்லோரும் திங்கட்கிழமை முதல் ஆபீஸ் வரவும்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் மனிதவளத் துறையினர் இதைச் சிந்திப்பார்களாக.

மூன்றாவது சான்று லாட்ஜ். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. அதற்காக வங்காளம், வடகிழக்கு, வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து காட்பாடியில் வந்திறங்குகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்காக எதிர்ச்சாரித் தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு, மீன் சோறு, நாள் வாடகை அறை, அறைக்குள் சமைக்க அடுப்பு. உலக நாடோடிகள் தேடித் தேடிக் காசு கொடுக்கும் அத்தனை வசதியையும் வேலூர் எப்போதோ கட்டிவிட்டது. வந்தவர்களுக்குத்தான் அதை ரசிக்கும் மனநிலை இல்லை.

4. திணை வகுப்பு

தமிழில் எதையும் திணைக்குள் அடைத்தால்தான் ஆய்வு எனப்படும். ஐந்திணையோடு கைக்கிளை, பெருந்திணை சேர்த்தால் ஏழு. எனவே இது எட்டு. திணைக்குப் பூ வேண்டும். இங்கே ஆய்வாளர் சிரமப்படவில்லை, ஆவாரம்பூ மஞ்சளாகச் சாலையோரமே நிற்கிறது. குரோமியம் வருவதற்கு முன்பு இந்தப் பகுதித் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறித்தான் கப்பலேறியது. தவிரவும், சங்க காலத்தில் காதல் கைகூடாதவன் பனை மடலால் செய்த குதிரையேறித் தெருவில் வரும்போது ஆவிரைப் பூ சூடுவான். தன் கோரிக்கையை ஊரறியச் சொல்லி மானத்தை விடுவது மடலேறுதல். ‘மேற்படி விஷயமாக நான் முன்பே அனுப்பிய மடலைத் தயவுசெய்து காண்க’ என்று பதினேழு பேருக்கு நகல் போட்டு மின்மடல் அனுப்புவதும் அதுவே. ஆகவே இதற்கு ஆவிரைத் திணை என்று பெயரிடப்படுகிறது.

நிலம்: மணலும் மணல் அள்ளிய பள்ளமும்.
பெரும்பொழுது: கத்திரி வெயில்.
சிறுபொழுது: இரவு பத்தரை, கலிபோர்னியாவில் காலைக் காபி நேரம்.
தெய்வம்: மாடிப்படி வளைவில் பச்சைக் கண் சிமிட்டும் ரவுட்டர். கண் சிவந்தால் சாந்தி செய்ய வேண்டும். அணைத்துப் போடுவதே சாந்தி.
விலங்கு: ஃபைபர் கேபிளில் ஊஞ்சலாடும் குரங்கு.
பறை: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று தெருவெங்கும் முழங்கும் ஜெனரேட்டர்.
உணவு: கீழே தனியே ஆராயப்படும்.
உரிப்பொருள்: ‘கேக்குதா?’வும் கேக்குதா நிமித்தமும்.

கருப்பொருள்களில் மணத்தைத் தொல்காப்பியர் சேர்க்கவில்லை. அவர் ஆம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கியதில்லை என்பதற்கு இதுவே அகச்சான்று. பச்சைத்தோல் மணம் எங்களுக்குத் தெரியாது. விருந்தாளியின் முகத்தைப் பார்த்துத்தான் இன்று காற்று எந்தப் பக்கம் என்று அறிவோம். காணொளிக் கூட்டத்தில் பின்னணியை மங்கலாக்கினால் கொடியில் காயும் துணி மறையும். வாசனை தானாகவே போய்ச் சேராது. தொழில்நுட்பம் இதுவரை எங்களுக்குச் செய்த ஆகப் பெரிய உபகாரம் இது.

5. வகையும் சோதனையும்

மடிக்கணினி நாடோடிகள் இங்கே இருவகைப்படுவர். முதல் வகை மலையேறி. இவர்கள் பெங்களூரிலிருந்து கார் எடுத்து ஏலகிரியில் அறை பிடிப்பவர்கள். ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். ஆய்வாளர் ஒருமுறை காருக்குள்ளிருந்தே கூட்டத்தில் கலந்துகொண்டபோது கபிலருக்கும் ஔவையாருக்கும் இடையே காணாமல் போனார். மீண்டபோது ஒரு பெரிய பொறுப்பு அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. வள்ளல்கள் வளைவில் வழங்குவது இதுதான் போலும்.

இரண்டாம் வகை மாடியேறி. கட்டிலிலிருந்து மொட்டை மாடிக்கும், வெயில் ஏறியதும் மாடியிலிருந்து கட்டிலுக்கும் இடம்பெயர்பவர். நாடோடி என்ற சொல்லில் இவருக்குப் பொருந்துவது ‘ஓடி’ மட்டும். அதுவும் சார்ஜர் தேடி.

உணவுச் சோதனை மாடியேறி ஒருவர் மீது, அதாவது ஆய்வாளர் மீதே, மூன்று வெள்ளிக்கிழமைகள் நடத்தப்பட்டது. பகல் ஒரு மணிக்குச் சீரகச் சம்பா பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய், தயிர் வெங்காயம். இரண்டரைக்குக் கூட்டம். முதல் வாரம், கேட்ட அனைத்துக்கும் சம்மதம் என்றார். இரண்டாம் வாரம், கேமரா பழுது என்றார். மூன்றாம் வாரம், தானே ஒரு கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லி, அருமையான விவாதம் என்று நன்றி கூறி வெளியேறினார். கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தயிர்சாதம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆம்பூரில் வெள்ளிக்கிழமை அதற்குச் சம்மதிக்க ஆள் கிடைக்கவில்லை.

6. கள ஆய்வு

இதுவரை எல்லாம் கருதுகோளின்படியே போயிற்று. சிக்கல் வந்தது வினாப்பட்டியலோடு தெருவில் இறங்கியபோது. வீட்டிலிருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்பவர்கள் யாரேனும் உண்டா என்று டீக்கடையில் விசாரித்ததற்கு, கடைக்காரர் பின்தெருவைக் கைகாட்டினார். அங்கே மடிக்கணினி எதுவும் தென்படவில்லை. வாசற்படிதோறும் பெண்கள் உட்கார்ந்து, ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு அக்கா முன் ஆய்வாளர் உட்கார்ந்தார். அக்கா ஒரு காலை நீட்டி, முழங்கால்களுக்கு நடுவே அப்பரை இடுக்கியிருந்தார். ஓட்டை கம்பெனியிலேயே போட்டு வருகிறது. மெழுகேற்றிய நூலின் இரு முனையிலும் இரு ஊசி. ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. இரண்டு கையாலும் வெளிப்பக்கம் வெட்டி இழுத்தால் தோல் சின்ன மடிப்பாகச் சுருங்கி மூக்கு வடிவம் எடுக்கிறது. நூல் அறுக்கும் இடத்தில், சுண்டுவிரலில், சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தார்.

வினா ஒன்று: பணியிடத்துக்கு நேரில் செல்வதுண்டா?

“கம்பெனி கேட்டக்கூடப் பார்த்ததில்ல தம்பி.”

வினா இரண்டு: மேலதிகாரியை அறிவீர்களா?

“ஏஜென்ட்டு வண்டில வருவான், மூட்டையப் போடுவான், பூடுவான். அவனுக்கு மேல யாருன்னு அவனுக்கே தெரியாது.”

வினா மூன்று: வாடிக்கையாளர் எந்த நாட்டவர்?

அப்பரைத் திருப்பி உள்பக்கம் அச்சடித்த எண்ணைக் காட்டினார். “நம்ம ஊரு காலு இல்ல. இம்மாம் பெருசு.”

வினா நான்கு: வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை எவ்வாறு பேணப்படுகிறது?

இதற்கு விடை கிடைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கூவ, அப்பரை அப்படியே வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடினார். உள்ளே சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, விட்ட ஓட்டையிலேயே ஊசியைக் குத்தினார்.

வினா ஐந்து: பணி நேரம்?

“கரண்ட் இருந்தா ராத்திரி பதினொன்னு. இல்லன்னா வெளிச்சம் இருக்கற வரைக்கும்.”

கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. தொகை சில ரூபாய். வாசற்படி அவருடையது, விளக்கு அவருடையது, முதுகும் அவருடையது. பி.எஃப். என்ற சொல்லை அவர் ஷூ கம்பெனிக்குள் வேலைக்குப் போகும் நாத்தனார் வாயில் கேட்டிருக்கிறார். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆற்றில் கொட்டியதற்கு அது பொருந்தும். வீட்டுக்குள் தொழிற்சாலையைக் கொட்டினால் மின்கட்டணம் யாருடையது என்று இன்னும் யாரும் வழக்குப் போடவில்லை.

7. கண்டடைந்தவை

மடிக்கணினி நாடோடிக்கு ஆய்வாளர் வகுத்திருந்த இலக்கணம் வருமாறு: முதலாளியைக் காணாமல் வேலை செய்பவர், அலுவலகம் இல்லாதவர், வெளிநாட்டுக்கு உழைப்பவர், நேரத்துக்கன்றி முடித்த வேலைக்குக் கூலி பெறுபவர், வீட்டையும் வேலையையும் பிரிக்கும் சுவர் இல்லாதவர். ஐந்தும் அந்த வாசற்படிக்குப் பொருந்தின. ஆய்வாளருக்கோ நான்குதான். அவருக்கு மாதம் முடிந்தால் சம்பளம் வந்துவிடுகிறது.

மிச்சமிருப்பது நாடு சுற்றுதல். ஆய்வாளர் சுற்றியது மாடிவரை. அக்கா தைத்தது ஹாம்பர்க்கிலோ மிலானிலோ நடந்துகொண்டிருக்கும்.

‘டிஜிட்டல்’ என்ற அடைமொழியாவது நமக்கு உரியதுதானே என்று அகராதியைத் திறந்து பார்த்ததில், அதுவும் கைவிட்டது. அதன் லத்தீன் வேருக்கு விரல் என்று பொருள். விரல்விட்டு எண்ணியதால் எண்ணுக்கும் அந்தப் பெயர் வந்தது. ஆக, இப்பகுதியின் முதல் டிஜிட்டல் தொழிலாளி யார் என்பதை சைக்கிள் டியூப் சுற்றிய அந்தச் சுண்டுவிரல் முடிவு செய்துவிட்டது.

8. மேலாய்வுக்குரிய வினா

வினாப்பட்டியலை மடித்து எழுந்தபோது அக்கா கேட்டார், “நீ இன்னா வேல பண்ற தம்பி?”

“அமெரிக்காக் கம்பெனிக்குக்கா. வீட்லேருந்தேதான்.”

“மொதலாளியப் பாத்திருக்கியா?”

“இல்லக்கா.”

அவர் முகம் தெளிந்தது. பக்கத்தில் கிடந்த மணையை என் பக்கம் தள்ளினார். ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, ஏஜென்ட்டுகளின் சூது அறிந்த ஒருவர் இன்னொருவரிடம் கேட்பதுபோல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உனக்கு ஜோடிக்கு எவ்ளோ தரான்?”