பச்சைப் பொடியும் டோக்கன் எண் 47-ம்

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய வாடகைக்கும் உரிய வணிக வளாக நிர்வாகத்தார் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் 12.40 மணிக்குத் தங்கள் இரண்டாம் நுழைவாயிலில் கையும் டப்பாவுமாகப் பிடிபட்ட பெரம்பூர்க் குடும்பத் தலைவி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். தங்கள் நலத்துக்கு என்ன குறை? ஒரு வாளி பாப்கார்ன் 420 ரூபாய்க்குப் போகிற இடத்தில் நலம் விசாரிப்பதே அதிகப்பிரசங்கித்தனம்.

முதலில் தங்கள் காவல் பிரிவுக்கு என் மனமார்ந்த பாராட்டு. மூன்று வருஷமாக நான் ஒரு கடத்தல் தொழில் நடத்திவருகிறேன். என் வீட்டுக்காரருக்குக்கூட முழு விவரம் தெரியாது. சரக்கு வருவது கோயம்பேட்டிலிருந்து. போய்ச் சேர வேண்டிய இடம் என் மகனின் வயிறு. அவனுக்கு எட்டு வயது. ரசத்தில் ஒரு கொத்தமல்லித் தழை மிதந்தால் தட்டையே தள்ளிவைப்பான். ஆகவே அடை மாவில் கேரட் போகும். சப்பாத்தி மாவில் பீட்ரூட் போகும், அதற்கு ‘ரோஸ் சப்பாத்தி’ என்று பெயர். சுரைக்காய் துவையலாகிப் பெயரில்லாமலே போகும். இதெல்லாம் சில்லறை வியாபாரம். பெரிய சரக்கு முருங்கைக்கீரை. மாமியார் நிழலில் உலர்த்தி, கறுப்பு உளுந்தும் எள்ளும் காய்ந்த மிளகாயும் வறுத்துச் சேர்த்து இடித்து வைப்பார். பச்சை நிறத்தை எப்படி மறைப்பது? மறைக்கவில்லை. சினிமாவில் வரும் பச்சை ராட்சசன் பெயரில் ‘ஹல்க் பொடி’ என்று வைத்தோம். பையன் மூன்று வருஷம் கேள்வி கேட்காமல் சாப்பிட்டான். தங்கை அண்ணனைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

இந்தக் கும்பலைத்தான் தாங்கள் ஒன்றரை நிமிஷத்தில் பிடித்தீர்கள்.

நடந்ததைத் தங்கள் கேமரா பார்த்திருக்கும். ஆனாலும் வாக்குமூலம் கொடுப்பது என் கடமை. பையை மெஷினில் விட்டேன். காவலர் ஜிப்பைத் திறந்தார். எவர்சில்வர் டப்பாவில் இருபது குட்டி இட்லி, எண்ணெயும் பொடியும் புரட்டியது. ஐந்து வாழைப்பழம். பக்கத்தில் ஜிப் கவரில், தொட்டுக்கொள்ளத் தனியாக, பச்சைப் பொடி. அவர் அந்தக் கவரை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னம்மா இது?”

“பொடிங்க.”

“பொடின்னா?”

பின்னால் முப்பது நாற்பது பேர் வரிசை. எனக்கு அடுத்து நின்ற பெண்மணி தன் குழந்தையைக் கையைப் பிடித்துப் பக்கத்து வரிசைக்கு இழுத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் வந்தார், முகர்ந்தார், வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். “சார், கேட் டூல ஒரு பச்சைப் பொடி.” என் வாழ்க்கையில் இப்படியொரு வாக்கியத்துக்குள் நான் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தொழில் தர்மம். காட்டிக்கொடுத்தது கூட்டாளிதான். மாமியாருக்கு முட்டிவலி, நின்று நின்று பொறுமை போய்விட்டது. வளாகம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: “தம்பி, அது முருங்கைக்கீரைப் பொடிப்பா. ரத்தம் ஊறும். நீயும் இளைச்சிருக்க, ஒரு வாய் போட்டுப் பாரு.”

என் மகன் திரும்பினான். “அம்மா… ஹல்க் பொடில கீரையா?”

பொடிக்குப் பதிலாகத் தாங்கள் என்னையே அந்தப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு டோக்கன் கொடுத்திருக்கலாம்.

தடை என்றால் எனக்கு மரியாதை உண்டு. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டது. ரோடமின்-பி என்கிற, துணிக்குப் போடுகிற சாயம் அதில் இருந்தது, சரி. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை, அதுவும் சரி. அந்த வரிசையில் மூன்றாவதாக என் மாமியாரின் கைப்பக்குவம் வந்து நின்றதில் குடும்பத்துக்கே பெருமை.

சட்டம் தங்கள் பக்கம் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள், படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வெளிச் சாப்பாட்டைத் திரையரங்குக்காரர்கள் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒருவர் ஜிலேபி கொண்டுவந்து கையை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்று அந்த விசாரணையில் பேச்சு வந்தது. நியாயமான பயம். நல்லெண்ணெய்ப் பொடி இட்லி ஜிலேபிக்குச் சளைத்ததல்ல. ஆனால் அதே வழக்கில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு: குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய சாப்பாட்டைப் பெற்றோர் எடுத்துப் போகலாம். என் மகன் வயதால் கைக்குழந்தை இல்லை. கீரை விஷயத்தில் இன்னும் தவழ்கிறான். இந்தக் கோணம் நீதிமன்றத்தில் எடுபடாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். தண்ணீரைப் பொறுத்தவரை தாங்கள் தீர்ப்பை வரிக்கு வரி மதிக்கிறீர்கள். இரண்டாம் கார் நிறுத்தத் தளத்தில், கழிப்பறையை ஒட்டி, ஒரு குழாய் இருக்கிறது. தண்ணீர் வரும். டம்ளர் வராது. என் மகள் கையைக் குவித்துக் குடித்தாள். பாதி சட்டைக்குப் போயிற்று. ஒரு லிட்டர் பாட்டில் வேண்டுமென்றால் மேலே 90 ரூபாய்.

சரக்கு பறிபோன பின் உள்ளே வந்தோம். வாசலில் ‘குழந்தைகளின் ஆரோக்கியக் கொண்டாட்டம்’ என்று ஆளுயரப் பலகை, அதில் சிரிக்கிற ஒரு புரோக்கோலி. மாமியார் அதை வெகுநேரம் பார்த்தார். “இதை மட்டும் உள்ள விட்டுருக்காங்க பாரு” என்றார்.

விளையாட்டுப் பகுதியில் பந்துக் குளத்தில் குதிக்கக் குழந்தைக்கு வழுக்காத சாக்ஸ் வேண்டும். வீட்டுச் சாக்ஸ் செல்லாது, தங்கள் சாக்ஸ் ஜோடி 60 ரூபாய். (சாக்ஸிலும் வெளிச்சரக்குத் தடை.) கார்டில் குறைந்தது 500 ரூபாய் ஏற்ற வேண்டும். ஆட்டம் ஒவ்வொன்றும் 130, 170 என்று போவதால், கடைசியில் எங்கள் கார்டில் 30 ரூபாய் உயிரோடு இருந்தது. எந்த ஆட்டத்துக்கும் போதாது, திரும்பவும் கிடைக்காது. கணக்கு வாத்தியார் யாரோ தங்களிடம் வேலை பார்க்கிறார். அவருக்கும் என் வணக்கம்.

இரண்டு மணிக்குப் பசி வந்தது. உணவுத் தளத்துக்கு ஏறினோம். அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது. ஓர் உணவகத்தின் வழவழப்பான மெனு அட்டையில், கறுப்புக் கல் தட்டில் நாலு இட்லி, மேலே சிவப்பாக ஏதோ தூவியிருக்கிறது. பெயர்: ‘கன் பவுடர் இட்லி’. விலை 310 ரூபாய். என் வீட்டுக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னார்: வெடிமருந்து.

ஐயா, கீழே பொடி பிடிபடுகிறது. மேலே வெடிமருந்து பரிமாறப்படுகிறது. பொடி என்று தமிழில் சொன்னதுதான் என் குற்றம் என்று இப்போது புரிகிறது. “கன் பவுடர் கொண்டுவந்திருக்கிறேன்” என்று அந்த மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தால் மின்தூக்கி வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பார்.

அதையே ஒரு தட்டு வாங்கினோம். மாமியார் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். “உளுந்து வறுபடலை” என்றார். தீர்ப்பு முடிந்தது. பிள்ளைகள் சீஸ் ஊற்றிய உருளை வறுவலும், ஒரு வாளி நுரைத்த சர்க்கரைத் தண்ணியும் சாப்பிட்டார்கள். மூன்று வருஷக் கடத்தலை முக்கால் மணி நேரத்தில் முறியடித்த பெருமையும் தங்களுக்கே. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. வாரம் முழுக்க அந்த 50 மீட்டருக்குள் பத்திரமாக இருக்கிற பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா? 51-ஆவது மீட்டரில் தாங்கள் காத்திருக்கிறீர்கள்.

போன மாதம் இதே குடும்பம், இதே டப்பா, இதே பொடியோடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே நிஜமான பீரங்கிகளே நிற்கின்றன. வெடிமருந்து பற்றி யாருக்காவது பயம் இருக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத்தான் இருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். “திமிங்கலம் ஹல்க் பொடி சாப்பிடுமா?” என்று மகன் கேட்டான். சாப்பிட்டதால்தான் அந்த உயரம் என்று அவன் அப்பா கூசாமல் சொன்னார். நாலு இட்லி கூடுதலாக உள்ளே போயிற்று.

பின் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், தங்களுக்கே தெரியும். அக்னி நட்சத்திரம். மெரினாவில் அந்நேரத்துக்கு மணலில் அப்பளம் பொரியும். கிண்டி சிறுவர் பூங்காவில் மானே நிழல் தேடி நிற்கும். வீட்டில் இரண்டு அறை, ஒரு மின்விசிறி. பிள்ளைகள் ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடி விளையாட ஒரு தெரு கிடையாது, தெரு முழுக்க வண்டி. இந்த ஊரில் மே மாத மதியத்தில் நாலு பேர் குளிர்ச்சியாக உட்கார உங்களைவிட்டால் வேறு இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வாசலில் கூடை வைத்திருக்கிறீர்கள். பசித்து வருகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே சோறு போடலாம் என்று 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்த ஊர் இது. காமராஜர் அதை மாநிலம் முழுக்க எடுத்துப் போனார். எம்.ஜி.ஆர். 1982-இல் பெரிதாக்கினார். இப்போது காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. அந்த ஊரில், அம்மா கட்டிக்கொண்டு வந்த சோற்றை வெளியே வை என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருகிறது?

மன்னிக்கவும். வெயில்.

தங்கள் குளிர்சாதனம் மிக அருமை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். மாமியாருக்குச் சால்வை தேவைப்பட்டது.

நாலரை மணிக்கு டோக்கன் எண் 47-ஐ எடுத்துக்கொண்டு கூடை வைத்த அறைக்குப் போனேன். டப்பா இல்லை. சாப்பாட்டுப் பொருளை மூன்று மணிக்கு மேல் வைத்திருக்க மாட்டார்களாம். இட்லி போகட்டும், டப்பா எங்கே என்றேன். ஹவுஸ்கீப்பிங்கைக் கேளுங்கள் என்றார்கள். அவர்கள் செக்யூரிட்டியைக் கேட்கச் சொன்னார்கள். மதியம் என்னைப் பிடித்த காவலரைத் தேடிப் போனேன். கார் இறங்குகிற சரிவுக்கு அடியில், ஜெனரேட்டர் பக்கத்தில், அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ். புளிசாதம். மணி நாலே முக்காலுக்கு மதியச் சாப்பாடு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“உட்காருங்கண்ணா” என்றேன்.

“எங்க டப்பாவையும் உள்ள விட மாட்டாங்கம்மா” என்றார். “தப்பா நினைச்சுக்காதீங்க. மத்தியானம் அந்த அம்மா குடுத்திருந்தா நிஜமாவே ஒரு வாய் போட்டிருப்பேன்.”

அவர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை என்பதை இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தைக் காட்டி அவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிடாதீர்கள். டப்பாவைத் தேடி என்னோடு இரண்டு தளம் நடந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த டப்பாவின் மூடியில் ‘ரா.க. 1986’ என்று பெயர் வெட்டியிருக்கும். மாமியாருக்குச் சீராக வந்தது. ஆட்டோவில் வீடு வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. ஓட்டேரி தாண்டும்போது மட்டும், “மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், திறக்கத் தெரியாம நசுக்கிடப் போறாங்க” என்றார்.

வீட்டு நிலவரமும் சொல்லிவிடுகிறேன். தங்கள் பயிற்சி வீண்போகவில்லை. என் மகன் இப்போது சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். தோசையைப் பிய்த்து டியூப் லைட்டில் பிடித்துப் பார்க்கிறான். “இது என்னம்மா?” என்கிறான், அதே தொனியில். நேற்று ரோஸ் சப்பாத்தி பிடிபட்டது. தங்கை உதவிக் காவலர். ரிமோட்தான் வாக்கி டாக்கி. “கேட் டூல ஒரு கேரட்” என்று அறிவிக்கிறாள். பறிமுதல் செய்த சட்னிக்கு நோட்டுத் தாளைக் கிழித்து டோக்கன் எழுதிக் கொடுக்கிறார்கள். தங்களோடு ஒப்பிட்டால் ஒரு குறை: இவர்கள் பாத்திரத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

டப்பா கிடைத்தால் தகவல் சொல்லவும். கார்டில் மீதமிருக்கும் 30 ரூபாயைத் தேடிய கூலியாக வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
டோக்கன் எண் 47

பி.கு.: மாமியார் எழுதச் சொன்னது. அந்தப் பச்சைப் பொடியைத் தங்கள் அலுவலகத்தில் யாராவது எடுத்து வைத்திருந்தால், வெறும் வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம், தொண்டையை அடைக்கும். இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்ளவும்.